திரைப் பொத்தானின் முகம்



கணினித் திரையில் உள்ள பொத்தானை அழுத்துகிறோம் என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். உண்மையில் அங்கே அழுத்துவதற்கு எதுவுமில்லை. கண்ணாடியின் பின்னே ஒளிரும் சில ஆயிரம் புள்ளிகள் உள்ளன. அவற்றுட் சில வெண்மையாகவும், சில கருமையாகவும், சில சாம்பல் நிறமாகவும் இருக்கின்றன, அவ்வளவே. சுட்டியின் அம்பை அப்புள்ளிக் கூட்டத்தின்மேல் நிறுத்திச் சொடுக்கினோமாயின், இன்ன இடத்திற் சொடுக்கு விழுந்தது என்பதைக் கணினி அறிந்து, அவ்விடத்துக்கு விதிக்கப்பட்ட வேலையைச் செய்கிறது. அவ்விடத்திற் பொத்தான் வரையப்பட்டிருப்பினும் வரையப்படாதிருப்பினும் வேலை நடந்தே தீரும். ஆனால், ஒன்றும் வரையப்படாத வெறுந்திரையில் எங்கே சொடுக்குவது என்பதை மனிதன் எங்ஙனம் அறிவான்?

ஆகவே, பொத்தானின் தோற்றம் கணினிக்கு வேண்டியதன்று, நமக்கு வேண்டியது. அத்தோற்றத்தை வரைபவர் யார், எவ்வாறு வரைகிறார், அதை மாற்ற விரும்பும் செய்நிரலாளர் எவற்றுக்குப் பொறுப்பாளி ஆகிறார் என்பன இன்றைய பேச்சின் பொருள். பொத்தான் என்று சொல்லும்போது அதனோடு சேர்ந்த பிறவற்றையும் மனத்திற் கொள்ளுங்கள். எழுத்துப் பெட்டி, தெரிவுப் பெட்டி, விரியும் பட்டியல், உருள்பட்டை ஆகிய இவையெல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. செய்நிரலை நாம் ஆளுவதற்கு உதவும் கருவிகளாதலின், இவற்றை ஆளுறுப்புகள் என்று அழைப்போம்.

இக்குடும்பத்தில் ஒன்று நமது வானொலிக்கு உறவுமுறை கொண்டாடுவது. பலவற்றுள் ஒன்றை மட்டுமே தெரிவு செய்வதற்கென வட்ட வடிவில் அமைந்த உறுப்பொன்றைக் கண்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் அதற்கு ‘ரேடியோ பட்டன்’ என்றே பெயர். பழைய மோட்டார் வண்டிகளிற் பொருத்தப்பட்ட வானொலிப் பெட்டிகளில் ஐந்தாறு பொத்தான்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிலையத்துக்கு உரியது. ஒன்றை உள்ளே தள்ளினால், முன்னர் உள்ளே இருந்தது தானாகவே வெளியே குதித்துவிடும். ஒரே வேளையில் இரண்டு நிலையங்களைக் கேட்க இயலாதல்லவா? அந்த இயந்திர ஒழுங்கே திரைக்கு வந்தது. அத்தகைய பெட்டியைக் கண்ணாலும் கண்டிராத இளைஞர் இன்று அந்த வட்டத்தைச் சொடுக்குகின்றனர். மற்றைய வட்டம் வெறுமையாவது குறித்து அவர்கள் வியப்படைவதில்லை. சதுரமான தெரிவுப் பெட்டியோ விண்ணப்பப் படிவத்தில் நாம் பேனாவாற் சரி அடையாளம் இடும் கட்டத்தின் வழித்தோன்றல். வடிவம் ஒரு வாக்குறுதி என்பது இவற்றால் விளங்கும். ‘வட்டமாயின் ஒன்று, சதுரமாயின் எத்தனையும்’ என்று திரை நமக்குச் சொல்லாமற் சொல்கிறது. அழகுக்காக வட்டத்தைச் சதுரமாக்கும் செய்நிரலாளர் அந்த வாக்குறுதியை முறிக்கிறார்.

1984ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அப்பிள் நிறுவனம் மக்கின்டொஷ் கணினியை விற்பனைக்கு விட்டது. அதன் திரை ஒன்பது அங்குலம். குறுக்கே 512 புள்ளிகள், நெடுக்கே 342 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு, அன்றேல் வெள்ளை. இடைப்பட்ட சாம்பல் நிறம் என்று ஒன்றில்லை. அந்த வறுமைக்குள் நின்று பொத்தானுக்கு ஒரு முகம் வரைய வேண்டியிருந்தது. மூலைகள் வளைந்த ஒரு பெட்டி. அதனுள்ளே ஒரு சொல். சொடுக்கியவுடன் கறுப்பு வெள்ளையாகவும், வெள்ளை கறுப்பாகவும் மாறும். தற்சமயம் பயன்படாத பொத்தானாயின், அதன் எழுத்துகள் ஒன்றுவிட்டு ஒரு புள்ளியாக வரையப்பட்டு மங்கித் தோன்றும். வேறெதையும் தொடாது திரும்பும் விசையை அழுத்தினால் எப்பொத்தான் வேலை செய்யுமோ, அதற்குத் தடித்த இரண்டாம் விளிம்பு ஒன்று இருக்கும். இரண்டே நிறங்களைக் கொண்டு நான்கு நிலைகளைத் தெளிவாகக் காட்டிய அந்த வேலையைப் பின்னாளில் இலட்சக்கணக்கான நிறங்களை வைத்துக்கொண்டு பலர் செய்யத் தவறினர்.

அந்த வளைந்த மூலைக்கு ஒரு கதை உண்டு. அப்பிள் நிறுவனத்தில் வரைகலைச் செய்நிரலை எழுதியவர் பில் அற்கின்சன். 2025ஆம் ஆண்டில் மறைந்தவர். 1981ஆம் ஆண்டில், வட்டங்களையும் நீள்வட்டங்களையும் மிக விரைவாக வரையும் வழியொன்றைக் கண்டுபிடித்து, அதைத் தோழர்களுக்குக் காட்டினார். ஸ்டீவ் ஜொப்ஸ் அதைப் பார்த்துவிட்டு, மூலை வளைந்த செவ்வகங்களை வரைய முடியுமா என்று கேட்டார். அது கடினம், அதற்கு அவசியமும் இல்லை என்பது அற்கின்சனின் மறுமொழி. ஜொப்ஸ் அவரை வெளியே நடக்க அழைத்துச் சென்று, வழியெங்கும் மூலை வளைந்த பொருள்களைச் சுட்டிக்காட்டினார். வாகனம் நிறுத்தலாகாது என்னும் தெருப்பலகையும் அவற்றுள் ஒன்று. அற்கின்சன் ஏற்றுக்கொண்டார், மறுநாளே அதை வரையும் வழியோடு வந்து சேர்ந்தார். இன்று உங்கள் கைத்தொலைபேசித் திரையிலுள்ள படங்களின் மூலைகளையும் சற்றுப் பாருங்கள்.

மக்கின்டொஷில் இன்னொரு சிறப்பும் இருந்தது. பொத்தானை வரையும் வேலையை ஒவ்வொரு செய்நிரலும் தானே செய்யவில்லை. கணினியின் நிலையான நினைவகத்தில், 64 கிலோபைற்று அளவுள்ள ஓர் இடத்துள், அவ்வேலை முன்னரே பொறிக்கப்பட்டிருந்தது. ‘இன்ன இடத்தில் ஒரு பொத்தான் வேண்டும்’ என்று செய்நிரல் கேட்க, இயங்குதளம் அதை வரைந்து கொடுத்தது. ஆதலால் கடிதம் எழுதும் செய்நிரலிலும் படம் வரையும் செய்நிரலிலும் பொத்தான் ஒன்றாகவே இருந்தது. ஒன்றிற் பழகியவர் மற்றொன்றில் தடுமாறவில்லை. தோற்றத்தின் உரிமை செய்நிரலாளரிடம் இன்றி இயங்குதளத்திடம் இருந்தமையால் விளைந்த நன்மை இது.

அடுத்து வந்தது மேடும் பள்ளமும். சாம்பல் நிறங்களைக் காட்டவல்ல திரைகள் பரவியதும், 1988இல் நெக்ஸ்ட் கணினியிலும், 1990இல் விண்டோஸ் 3.0 இலும் பொத்தான்கள் திரையிலிருந்து எழுந்து நிற்பனபோலத் தோன்றின. 1995 ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்த விண்டோஸ் 95, இக்கலையை உலகெங்கும் உள்ள அலுவலகங்களுக்குக் கொண்டுசென்றது. எவ்வாறு இதைச் செய்தார்கள்? மிக எளிய தந்திரம். சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை வரைந்து, அதன் மேல் விளிம்பையும் இடது விளிம்பையும் வெண்மையாக்க வேண்டும். கீழ் விளிம்பையும் வலது விளிம்பையும் கருமையாக்க வேண்டும். உடனே பெட்டி மேடாகிவிடும். நிறங்களை இடம் மாற்றினால் அதே பெட்டி பள்ளமாகிவிடும். சொடுக்கும் கணத்தில் இவ்விடமாற்றத்தைச் செய்து, உள்ளிருக்கும் எழுத்தையும் ஒரே ஒரு புள்ளி வலமாகவும் கீழாகவும் நகர்த்திவிட்டால், பொத்தான் உள்ளே சென்றது என்று நம் விரலே நம்பிவிடும்.

இந்த ஏமாற்றம் பலிப்பதற்குக் காரணம் நம் கண்ணின் பழக்கம். சூரியன் தலைக்கு மேலே இருப்பவன். ஒளி மேலிருந்து வருவது. ஒளி வரும் திசையை அறிய வேறு குறிப்பு இல்லாதபோது, அது மேலிருந்தே வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. சந்திரனின் மேற்பரப்பிலுள்ள குழிகளைக் காட்டும் புகைப்படம் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். குழிகள் குன்றுகளாக எழுந்து நிற்கும். பொத்தான் வரைந்தவர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரே திரையில் ஓர் உறுப்பு மேலிருந்து ஒளி பெறுவதாகவும், அதன் அருகிலுள்ளது கீழிருந்து ஒளி பெறுவதாகவும் வரையப்பட்டால், காண்பவருக்குக் காரணம் தெரியாமலே ஒருவகைச் சங்கடம் தோன்றும். இன்று தானே பொத்தான் வரையப் புகும் செய்நிரலாளர் பலர் இந்த இடத்திற் சறுக்குகின்றனர்.

இனி, தானே வரையப் புகுதல் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். திரையிலுள்ள ஆளுறுப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று நடத்தை: சொடுக்கினால் என்ன செய்வது, விசைப்பலகை வழியே எவ்வாறு வந்தடைவது, எப்போது செயலற்றிருப்பது என்பன. மற்றையது முகம்: நிறம், விளிம்பு, எழுத்து, நிழல். தொடக்க காலத்தில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியே பிறந்தன. விண்டோஸ் பொத்தானுக்குச் சிவப்பு நிறம் பூச விரும்பிய செய்நிரலாளர், அதற்கென நேரான வழி இல்லாமையைக் கண்டு திகைத்தார். ‘உன் முகத்தை நான் வரைந்துகொள்கிறேன்’ என்று அறிவித்து, விளிம்பிலிருந்து எழுத்து வரை யாவற்றையும் தாமே வரைய வேண்டியிருந்தது. ஒரு சுவருக்குச் சுண்ணாம்பு பூச வந்தவரிடம், ‘வேண்டுமானால் வீட்டை இடித்துக் கட்டிக்கொள்ளும்’ என்று சொல்வது போன்றது அது.

இவ்விரு கூறுகளையும் பிரித்துவிடுதலே கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த பெரிய வேலை. 1998ஆம் ஆண்டளவில் ஜாவா மொழியோடு வந்த ‘சுவிங்’ என்னும் தொகுதி, ஒரே செய்நிரலுக்கு வெவ்வேறு முகங்களை மாட்டிக் கழற்ற இடந்தந்தது. அதே காலத்தில் ‘வின்அம்ப்’ என்னும் இசைச் செய்நிரலுக்கு இளைஞர்கள் தாங்களே தோல்கள் வரைந்து பரிமாறினர். ‘தோல்’ என்றே அதற்குப் பெயரிட்டனர். மரப்பெட்டி போன்றும், விண்கலம் போன்றும், இன்னதென்று சொல்ல முடியாத வடிவங்களிலும் அவை அமைந்தன. பாட்டுக் கேட்பதற்கு இது நல்ல விளையாட்டு. சம்பளப் பட்டியல் தயாரிப்பதற்கு அன்று.

2001ஆம் ஆண்டில் விண்டோஸ் எக்ஸ்பி, நீலம், ஒலிவ் பச்சை, வெள்ளி என மூன்று நிறத் திட்டங்களோடு வந்தது. இங்கே பொத்தானின் முகம் கோடுகளால் வரையப்படவில்லை. முன்னரே தீட்டப்பட்ட ஒரு சிறு படத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் பொத்தான்கள் பல அளவின அல்லவா? சிறு படத்தை அப்படியே இழுத்தால் மூலைகள் கோணலாகிவிடும். இதற்குக் கண்ட வழி, படத்தை ஒன்பது துண்டுகளாக வெட்டுதல். நான்கு மூலைகளும் இழுபடாமல் அப்படியே இருக்கும். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் அகலவாக்கில் மட்டும் இழுபடும். பக்க விளிம்புகள் நெட்டுவாக்கில் மட்டும். நடுத்துண்டு இரு பக்கமும். நம் ஊரிற் பாய் முடைபவர் ஓரத்தை ஒருவகையாகவும் நடுவை ஒருவகையாகவும் முடைவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். எந்த அளவுப் பொத்தானுக்கும் ஒரே படம் போதுமானதாயிற்று.

எனினும் ஒரு குறை இருந்தது. புதிய முகம் வேண்டும் என்று செய்நிரல் ஒரு சிறு குறிப்பின் மூலம் தானே அறிவித்தாலன்றி, அதன் உள்ளுறுப்புகள் பழைய சாம்பல் நிறத்திலேயே நின்றன. வெளிச்சட்டம் மட்டும் புது நீலமாக மாறியது. புது வேட்டி கட்டிப் பழைய சால்வை போர்த்தவர்போல எத்தனையோ செய்நிரல்கள் பல ஆண்டுகள் அலைந்தன.

இன்றுள்ள முறை பெரும்பாலும் நடையேடு என்பதாகும். இதன் மூலம் இணையத்தில் உள்ளது. ஹோகோன் வியும் லீ என்னும் நோர்வே நாட்டவர் 1994இல் முன்மொழிந்து, 1996 டிசம்பரில் முறையாக வெளிவந்த ஏற்பாடு அது. இணையப் பக்கத்தின் பொருளை ஓரிடத்திலும், அதன் தோற்ற விதிகளை வேறோரிடத்திலும் எழுதி வைப்பதே அதன் சாரம். ஒஸ்லோ நகரில் உருவான ‘கியூட்’ என்னும் செய்நிரல் தொகுதி, 2006ஆம் ஆண்டில் வெளிவந்த தனது 4.2ஆம் பதிப்பில் அம்முறையை மேசைக் கணினியின் ஆளுறுப்புகளுக்குக் கொண்டுவந்தது. லினக்ஸ் உலகிற் பரவிய ‘ஜிடிகே’ தொகுதியும் 2011இல் தனது மூன்றாம் பதிப்பில் அவ்வழியே சென்றது. மைக்கிரோசொப்ட் நிறுவனம் 2006 நவம்பரில் வெளியிட்ட ‘டபிள்யு.பி.எஃப்.’ தொகுதி இன்னும் ஒருபடி மேலே போய், முகமே இல்லாத ஆளுறுப்பு என்னும் கருத்தை முன்வைத்தது. அங்கே பொத்தான் என்பது சொடுக்கினால் வேலை செய்யும் ஒன்று; அவ்வளவுதான். அதன் முகம் வேறொரு வார்ப்பில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். வார்ப்பை மாற்றினால், அதே பொத்தான் வட்டமாகலாம், மீனாகலாம், பூவாகலாம்.

நடையேட்டில் எழுதப்படுவது எத்தகையது? சொற்களிற் சொல்வதானால் இப்படி: ‘எல்லாப் பொத்தான்களுக்கும் பின்னணி இளநீலம், விளிம்பு ஒரு புள்ளி அகலம், மூலை நான்கு புள்ளி வளைவு. சுட்டி மேலே வந்தால் பின்னணி சற்றே வெளிறட்டும். அழுத்தினால் சற்றே இருளட்டும். அழித்தல் என்னும் பெயருடைய பொத்தானுக்கு மட்டும் பின்னணி சிவப்பு.’ பொது விதியைச் சிறப்பு விதி வெல்லும். நன்னூல் படித்தவருக்கு இது புதிதன்று.

கேட்பதற்கு இனிமையாகவே உள்ளது. இடர் எங்கே என்றால், ‘கியூட்’ தொகுதியில் முதன்முதலாகப் பொத்தானுக்கு நிறம் பூசுபவர் பலர் சந்திக்கும் ஒரு புதிரில் உள்ளது. பின்னணி நிறத்தை மட்டும் எழுதுகிறார்கள். திரையில் ஒரு மாற்றமும் இல்லாது போகலாம். காரணம் யாதெனில், இயங்குதளம் வரையும் இயல்பான விளிம்பு அந்த நிறத்தின் மேல் முழுவதுமாகப் படிந்து அதை மறைத்துவிடுகிறது. விளிம்பையும் நாமே வரையறுத்தால் நிறம் தோன்றும். ஆனால் அக்கணமே இயங்குதளம் அப்பொத்தானைக் கைவிட்டுவிடுகிறது. ‘விளிம்பு உம்முடையதாயின் முகம் முழுவதும் உம்முடையதே’ என்பது அதன் நிலை. மேடும் பள்ளமும், சுட்டி வந்தபோது ஏற்படும் ஒளிர்வும், அழுத்தியபோது ஏற்படும் இருளும் எல்லாம் போய்விடும். விரியும் பட்டியலிலும் உருள்பட்டையிலும் இது இன்னும் கடுமை. ஒரு பகுதியைத் தொட்டவர் எல்லாப் பகுதிகளையும் வரைந்தே ஆகவேண்டும் என்று அத்தொகுதியின் கையேடே எச்சரிக்கிறது.

ஆகவே, ஒரு நிறத்தை மாற்ற வந்தவர் தம்மை அறியாமலே ஆறு முகங்களுக்குப் பொறுப்பாளி ஆகிறார். இயல்பாக இருக்கும் முகம் ஒன்று. சுட்டி மேலே நிற்கும்போது ஒன்று. அழுத்தும்போது ஒன்று. செயலற்றிருக்கும்போது ஒன்று. திரும்பும் விசைக்கு உரியதாய் இருக்கும்போது ஒன்று. விசைப்பலகையின் கவனம் தன்மேல் இருக்கும்போது ஒன்று. முதல் மூன்றை எல்லோரும் வரைகிறார்கள். அவை வரைபவர் கண்ணுக்கே தென்படுவன. கடைசியாகச் சொன்னதையே பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

இந்த மறதியின் விலையை யார் கொடுக்கிறார் என்று பாருங்கள். ஒரு வங்கியில் அல்லது காப்புறுதி அலுவலகத்தில் நாள் முழுவதும் படிவங்களை நிரப்பும் எழுதுவினைஞர் சுட்டியைத் தொடுவது அருமை. ஒரு பெட்டியை நிரப்பித் தாவல் விசையைத் தட்டுவார், அடுத்த பெட்டிக்குச் செல்வார், மீண்டும் தட்டுவார். விண்டோஸ் 95 பொத்தானில், கவனம் வந்தபோது எழுத்தைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு தோன்றும். அழகற்ற கோடுதான். ஆனால், ‘இப்போது நீர் இங்கே நிற்கிறீர்’ என்று அது சொல்லியது. புதுமுகம் வரைந்தவர் அக்கோட்டை அழுக்கென்று துடைத்துவிட்டால், ‘சேமி’ என்பதன்மேல் நிற்கிறோமா, ‘அழி’ என்பதன்மேல் நிற்கிறோமா என்று அந்த எழுதுவினைஞர் அறியார். கை நடுக்கத்தாற் சுட்டியைப் பிடிக்க இயலாதவருக்கோ இது வேலை சுணங்குவது மட்டுமன்று; செய்நிரலின் கதவே அடைபட்டுவிடும்.

பார்வை மங்கியவரின் நிலையும் இத்தகையதே. அவர்களுக்கென விண்டோஸ் இயங்குதளத்தில் 1995ஆம் ஆண்டு தொட்டே மிகைமாறுபாட்டு நிறத் திட்டம் உண்டு: கருந்திரையில் வெண்ணெழுத்து, அல்லது மஞ்சள் எழுத்து. இயங்குதளத்தின் நிறத்தைக் கேட்டு வாங்கும் செய்நிரல் இத்திட்டத்துக்கு உடனே உடன்படும். தன் நிறத்தை எண்ணால் எழுதி வைத்த செய்நிரல் உடன்படாது. அதிலும் அரைகுறையாக எழுதுவதே மிகக் கேடு. எழுத்துப் பெட்டியின் பின்னணி வெண்மை என்று எழுதிவிட்டு, எழுத்தின் நிறத்தை எழுதாது விடுகிறார் ஒருவர். அவருடைய கணினியில் எழுத்து இயல்பாகவே கறுப்பு. ஆதலாற் குறை தெரிவதில்லை. 2018ஆம் ஆண்டு முதல் இருண்ட திரைத் திட்டம் மக்கின்டொஷிலும் பிறவற்றிலும் பரவியது. அதை விரும்புபவர் கணினியில் எழுத்தின் இயல்பு நிறம் வெண்மை. வெள்ளைப் பெட்டியில் வெள்ளை எழுத்து! தட்டச்சிடுபவர் தாம் எழுதுவதைத் தாமே காணார். பின்னணியையும் எழுத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். அன்றேல் இரண்டையும் எழுதாது விட வேண்டும். இந்த ஒரு விதியைப் பின்பற்றினாலே, பல செய்நிரல்களின் குறை பாதி நீங்கிவிடும் என்பது என் கருத்து.

எவ்வளவு மாறுபாடு போதும் என்பதற்கு அளவுகோலும் உண்டு. இணையத்துக்கான உலகக் கூட்டமைப்பு வகுத்த நெறி, சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்னும் ஒளி விகிதத்தைக் கேட்கிறது. 2018ஆம் ஆண்டின் பதிப்பில், ஆளுறுப்பை இனங்காட்டும் விளிம்பு போன்றவற்றுக்கு 3க்கு 1 என்று சேர்த்தனர். தூய வெண்மையிற் தூய கருமை 21க்கு 1. இணையத்துக்கென எழுதப்பட்டதாயினும், மேசைக் கணினிச் செய்நிரலாளரும் இதை எடுத்தாளுகின்றனர். நிறத்தை மட்டும் நம்பிப் பொருள் உணர்த்துவதும் தகாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இடர்ப்படுபவர், வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களுள் ஏறத்தாழப் பன்னிருவருக்கு ஒருவர். ‘அழி’ என்பது சிவப்பு, ‘சேமி’ என்பது பச்சை என்று விட்டுவிடாமற் சொல்லாலும் வடிவாலும் வேறுபடுத்த வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே அப்பிள் நிறுவனம் 2000ஆம் ஆண்டு ஜனவரியில் நீர்த்துளி போன்று பளபளக்கும் பொத்தான்களைக் காட்டிப் பலரை மயக்கியது. பின்னர் 2012இல் விண்டோஸ் 8 உம், 2013இல் அப்பிளின் தொலைபேசிகளும் பளபளப்பையும் நிழலையும் துடைத்துத் தட்டையாக்கின. தட்டை மிகுந்தபோது, எது பொத்தான், எது வெறுஞ்சொல் என்று மக்கள் தேட நேர்ந்தது. 2025இல் அப்பிள் மீண்டும் கண்ணாடித் தோற்றத்துக்குத் திரும்பியுள்ளது. இந்தப் போக்குவரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சேலைக் கரைபோல இதுவும் காலத்துக்குக் காலம் மாறும்.

அதனினும் ஆழமான வினா, முகத்தின் உரிமையாளர் யார் என்பது. 2019ஆம் ஆண்டு மே மாதத்தில், லினக்ஸ் உலகைச் சேர்ந்த ‘க்னோம்’ செய்நிரலாளர் பலர் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டனர். லினக்ஸைத் தொகுத்து வழங்குவோர் தத்தம் விருப்பப்படி நடையேடுகளை மாற்றிவிடுகின்றனர். அதனால் எங்கள் செய்நிரல்களில் எழுத்து மறைகிறது, படம் சிதைகிறது. முறைப்பாடோ எங்களுக்கு வருகிறது. ஆதலால் எங்கள் செய்நிரல்களுக்கு வேறு முகம் மாட்டி வழங்காதீர்கள் என்பது அதன் சாரம். தம் சொந்தக் கணினியில் தாமே மாற்றிக்கொள்பவரை அவர்கள் குறை கூறவில்லை. 2021ஆம் ஆண்டு இறுதியில் அவர்கள் வெளியிட்ட புதிய தொகுதி, முகத்தை ஏறக்குறைய ஒரே வார்ப்பில் நிறுத்தியது. தம் விருப்பப்படி திரையை அலங்கரித்துப் பழகியவர்கள் வெகுண்டனர். 2024 செப்டெம்பரில் வெளிவந்த 47ஆம் பதிப்பில், முக்கிய உறுப்புகளின் நிறத்தைப் பாவிப்பவரே தெரியும் உரிமை வந்தது.

செய்நிரலாளரின் வாதத்தில் நியாயம் உண்டு. தாம் பரீட்சித்துப் பாராத முகத்துக்குத் தாம் எங்ஙனம் பொறுப்பேற்பது? ஆயினும், அதே செய்நிரலாளர் இயங்குதளத்தின் முகத்தை மாற்றும்போது, அதனை நம்பியிருந்த பார்வை குன்றியவருக்குச் செய்வதும் அதுவேயன்றோ? நிறமும் அலங்காரமும் எவருடையவாயினும் ஆகுக. எழுத்தின் அளவும், மாறுபாடும், கவனக் குறியும் பாவிப்பவருடைய சொத்து என்றே நான் கொள்வேன்.

இனித் தமிழர்க்குச் சிறப்பாக உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 2000 உடன் ‘லதா’ என்னும் தமிழ் எழுத்துரு வந்தது. அதன்பின் தமிழிலேயே பொத்தான்களும் பட்டியல்களும் காட்டும் செய்நிரல்கள் பல தோன்றின. ஆனால் அவற்றின் பெட்டிகளை வரைந்தவர் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லை மனத்திற் கொண்டே வரைந்தனர். ‘கான்சல்’ என்பது ஆங்கிலத்தில் ஆறு எழுத்து. ‘இரத்துச் செய்க’ என்பது அந்த அகலத்தில் அடங்காது. அகலமாவது பரவாயில்லை; சொல் நடுவில் அறுந்தால் அறுந்தது கண்ணுக்குத் தெரியும். உயரமே வஞ்சிப்பது. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி தலைக்கு மேலே நிற்கிறது. இகர ஈகாரக் கொம்புகளும் மேலே வளைகின்றன. பு, யு, வு போன்றவற்றின் உகரக் கோடு அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. பொத்தானின் உயரத்தை இருபது புள்ளி என்று எண்ணால் எழுதி, எழுத்தின் அளவைச் சற்றே பெருப்பித்தால், மேலேயுள்ள புள்ளி வெட்டுண்டுபோகும். ‘சேமிக்க’ என்பது ‘சேமிகக’ ஆகும். கீழே வெட்டுண்டால் ‘அனுப்பு’ என்பதன் கடைசி எழுத்து என்னவென்று ஊகிக்க வேண்டியிருக்கும். வயது முதிர்ந்த ஒருவர் எழுத்தைப் பெருப்பிக்கும்போதே இது நிகழ்கிறது. வாசிக்க உதவ வேண்டிய வசதி, வாசிப்பைக் கெடுக்கிறது.

விண்டோஸின் பழைய உரையாடற் பெட்டிகளில் ஒவ்வோர் உறுப்பின் இடமும் அளவும் முன்கூட்டியே எண்களால் எழுதப்பட்டன. அவ்வெண்கள் எழுத்துருவின் சராசரி எழுத்தளவை ஒட்டி விரியும் என்பது உண்மையே. ஆனால் அந்தச் சராசரி ஆங்கில எழுத்துகளைக் கொண்டு கணித்த சராசரி. ‘கியூட்’, ‘ஜிடிகே’, ‘டபிள்யு.பி.எஃப்.’ ஆகிய தொகுதிகளில் இதற்கு நல்ல மாற்று வழி உண்டு. உள்ளே எழுதப்பட்ட சொல்லை அளந்து, அதற்கேற்பப் பொத்தானின் அகலத்தையும் உயரத்தையும் தொகுதியே கணித்துக்கொள்ளும். நடையேட்டில் உயரம் இன்னதென்று எழுதாமல், எழுத்துக்கும் விளிம்புக்கும் இடையே மேலும் கீழும் விடவேண்டிய இடைவெளியை மட்டும் எழுதினாற் போதும். எழுத்து பெருத்தால் பெட்டியும் பெருக்கும். தமிழ்ச் செய்நிரல் ஒன்றைச் செய்து முடித்தவர், அதன் பொத்தானொன்றில் ‘மீட்டெடுப்பு’ என்று எழுதி, எழுத்தளவை ஒன்றரை மடங்காக்கி, ட் என்பதன் புள்ளியும் பு என்பதன் அடிக்கோடும் முழுமையாகத் தெரிகின்றனவா என்று ஒரு முறை பார்க்கட்டும்.